அப்படியே திருப்பித் தாறேன்

தொலைக்காட்சியில் அவள் பேட்டி வந்தால் என் அம்மா சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்வாள். கேட்டு ரசிப்பதற்கு அல்ல, இடையிடையே பதில் சொல்வதற்கு.

"ஒரு கதாபாத்திரத்துக்கு உடை அமைக்கிறதுக்கு முன்னாடி நான் அந்த மக்களோட போய் வாழ்வேன். அவங்ககிட்ட இருந்து எடுத்துப்பேன்" என்று அவள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சென்னைத் தமிழில் சொல்வாள்.

"எடுப்பா, எடுப்பா. கொடியில கெடந்தாலும் எடுப்பா, இடுப்புல கெடந்தாலும் எடுப்பா" என்பாள் அம்மா.

பேட்டி எடுக்கும் பெண் உருகிப்போய், இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பாள். அம்மா பெட்டியைப் பார்த்தே சொல்வாள்: "ஆராய்ச்சியாம். எங்க ஊருல அதுக்கு வேற பேரு."

பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்விடுவாள். திரையில் 'உடை வடிவமைப்பு' என்ற எழுத்துக்குக் கீழே நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பெயர்தான். மணவாளக்குறிச்சிக்கும் முட்டத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் படித்த பள்ளிக்கே கணக்கு டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன். அவள் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதுதான் ஊருக்கே தெரியுமே.

அவளிடம் பேசிக்கொண்டு நிற்பது ஒரு தனி அனுபவம். கண் நம் முகத்தில்தான் இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் சுகமா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் அக்கறையாகக் கேட்பாள். அந்த நேரத்தில் அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வந்து நம் முந்தானையின் ஓரத்தைப் பிடித்திருக்கும். உரசிப் பார்க்கும். திருப்பிப் பார்க்கும். அந்த இரண்டு விரலுக்கும் அவளுடைய பேச்சுக்கும் சம்பந்தமே இருக்காது. பிறகு மூன்று வாக்கியங்கள் வரும், எப்போதும் அதே வரிசையில். முதலாவது பாராட்டு; 'கொள்ளாம்' என்றால் எங்கள் ஊரில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

"கொள்ளாமே, இது எங்க எடுத்தது?"

"இந்த நெறமெல்லாம் இப்போ வராது, கேட்டியா?"

"ஒரு தடவ குடு மக்கா, அப்படியே திருப்பித் தாறேன்."

மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டபிறகு துணியோடு வீடு திரும்பியவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. அவள் பெரிய ஆளாகி ஊருக்கு வரத் தொடங்கிய பிறகு, சிலுவை நட்ட குருசடி முக்கில் அவள் கார் திரும்பினால் போதும், தெருவில் உள்ள பெண்கள் ஓடிப்போய்க் கொடியில் கிடப்பதை உருவி எடுப்பார்கள். ஈரம் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு போய் உள்ளே கட்டிலில் போடுவார்கள். மழை வந்தால்கூட அவ்வளவு வேகம் கிடையாது.

இந்தக் கலை அவளுக்குச் சினிமாவில் வந்தது என்று நினைக்கவேண்டாம். நாங்கள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது கோயிலில் கிறிஸ்மஸ் நாடகம் போட்டோம். உடைக்கு அவள் பொறுப்பு. ஞானிகள் மூவருக்கும் நல்ல அங்கி கிடைத்துவிட்டது, ஏரோது ராஜாவுக்கு மட்டும் ராஜாவுக்குரிய துணி அமையவில்லை. நாடகத்தன்று ஏரோது கருஞ்சிவப்பு வெல்வெட்டைப் போர்த்திக்கொண்டு கம்பீரமாக வந்து நின்றான். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்த பங்குச் சாமியார் மட்டும் கைதட்டவில்லை. அது அவருடைய படுக்கையறை ஜன்னல் திரை.

மறுநாள் எங்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, யார் எடுத்தது என்று கேட்டார். அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "நான்தான் சாமி. அப்படியே திருப்பித் தாறேன். ஆனா ஓரத்துல ஒரு ஓட்டை கெடக்கு, சிகரெட்டு சுட்ட ஓட்டை. அது நாங்க போட்டது இல்ல, முன்னமே இருந்தது" என்றாள். சாமியார் அவசரமாக, பரவாயில்லை, அதைக் கோயில் நாடகத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வெல்வெட்டு இன்றைக்கும் சென்னையில் அவளுடைய கிடங்கில் இருக்கிறது. எத்தனையோ படங்களில் எத்தனையோ மன்னர்கள் அதைப் போர்த்தியிருக்கிறார்கள். ஓட்டை தெரியாமல் மடித்துவிடுவதுதான் வழக்கம் என்று அவளே சொன்னாள்.

படிப்பு முடிந்து கொஞ்சகாலம் குளச்சல் ரோட்டில் மாறுவேட உடை வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குத் தேசத்தலைவர், தேவதை, தக்காளி, வெண்டைக்காய் என்று எல்லா வேடமும் கிடைக்கும். அப்போதுதான் முட்டத்தில் ஒரு படப்பிடிப்பு வந்தது. மீனவர் வாழ்க்கையைப் பற்றிய படம். சென்னையிலிருந்து வந்த உடைக்காரர் பெட்டி பெட்டியாகப் புது லுங்கி கொண்டுவந்திருந்தார். கஞ்சி மொடமொடக்க, மடிப்புக் கலையாமல் கடற்கரைப் பாறையில் வரிசையாக நின்ற நடிகர்களைப் பார்த்து இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளூர் உதவிக்கு என்று போயிருந்த இவள், "புதுத்துணி பொய் சொல்லும் சார்" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அவள் இப்போது சென்னையில் வீடு கட்டியிருக்கிறாள்.

அந்தப் புது லுங்கிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு கரைக்கு இறங்கினாள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்களிடம் போய், இதை உடுத்துக்கொண்டு உடுத்திருப்பதைக் கழற்றித் தாருங்கள் என்றாள். பழசுக்குப் புதுசு என்றால் யாருக்குக் கசக்கும்? படகு மறைவில் போய் எல்லாரும் மாற்றிக்கொண்டு வந்தார்கள். அரைமணி நேரத்தில் நடிகர்கள் மீனவர்களைப் போலவும், மீனவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போலவும் ஆகிவிட்டார்கள்.

மீன் ஏலம் விடும் பெரியவர் ஒருவரின் சட்டை கதாநாயகனுக்கு என்று முடிவாயிற்று. முதுகெல்லாம் வியர்வை உப்புப் பூத்து, தோளில் செதில் ஒட்டிய சட்டை. நாயகன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். இவள் விடவில்லை. அவன் அதைப் போட்டுக்கொண்டு படம் முடியும்வரை சொறிந்துகொண்டே நடித்தான். அவன் உடல்மொழியே மாறிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

ஏலக்காரருக்குத்தான் கஷ்டம். பதிலுக்குக் கிடைத்த புதுச் சட்டையோடு ஏலத்துக்குப் போய் நின்றால் வியாபாரிகள் ஒருமாதிரி பார்க்கிறார்களாம். "கமிஷன்ல நல்லா அடிச்சிருக்கான்னு நெனைக்காவ மக்கா. எனக்க பழைய சட்டைய வாங்கித் தா" என்று என்னிடம் வந்து கேட்டார். நான் அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பாத்தியா, புதுத்துணி பொய் சொல்லும்னு நான் சொன்னேன் இல்லியா?" என்று சந்தோஷப்பட்டாளே தவிர, சட்டை வரவில்லை.

அப்புறம் அவள் சென்னைக்குப் போனாள், படங்கள் வந்தன, உதவியாளர்கள் வந்தார்கள். பழைய துணி கிடைக்காதபோது புதுத்துணியைப் பழசாக்கும் வித்தையையும் கற்றுக்கொண்டாள். தேயிலைத் தண்ணீரில் ஊறப்போடுவாள். மணல்காகிதம் வைத்துத் தேய்ப்பாள். முழங்கை, முட்டி, இடுப்பு என்று மனிதன் எங்கெங்கே துணியைத் தேய்க்கிறானோ அங்கெல்லாம் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பாள். வாழ்ந்து தேயவேண்டியதை ஒரு மத்தியானத்தில் தேய்த்துவிடுவாள். இதில் அவள் கெட்டிக்காரி, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவள் உடுத்துவது மட்டும் என்றைக்கும் புத்தம்புது கைத்தறிச் சேலையாக இருக்கும். உன் சேலை பொய் சொல்லாதா என்று ஒருதடவை கேட்டேன். "நான் நடிக்கல்லியே மக்கா" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

இனி என் அம்மாவின் மந்திரகோடிக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும், மாப்பிள்ளை வீட்டார் எடுத்த பட்டுச்சேலையைச் சாமியார் மந்திரித்துக் கொடுப்பார். மாப்பிள்ளை அதைப் பெண்ணின் தலையில் போர்த்துவார். அதுதான் மந்திரகோடி. அதை உடுத்திக்கொண்டுதான் பெண் மாப்பிள்ளை வீட்டில் கால் வைப்பாள். பிறகு அது பீரோவுக்குள் போய்விடும். மறுபடி வெளியே வருவது அவள் சாகும்போது. அதை உடுத்தித்தான் அடக்கம் செய்வார்கள். இப்போது பல வீடுகளில் இதெல்லாம் பார்ப்பதில்லை. என் அம்மா பார்ப்பவள்.

சந்தன நிறத்தில் சிவப்புக் கரை போட்ட பட்டு. அப்பா திருவனந்தபுரம்வரை போய் எடுத்தது. கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது அப்பா பிடித்திருந்த மெழுகுதிரி சாய்ந்து கரையில் ஒரு சொட்டு விழுந்தது. சுரண்டி எடுத்த பிறகும் அந்த இடத்தில் சிவப்பு கொஞ்சம் கறுத்தே இருக்கும். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அம்மா வருஷத்துக்கு ஒருதடவை சேலையை எடுத்து நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வைப்பாள். வைக்கும்போது என்னையும் என் தம்பி மனைவியையும் கூப்பிட்டு, "இதத்தான் உடுத்தணும், பாத்துக்கிடுங்க. முந்திய எடது தோள்ல குத்தணும், மெழுகு விழுந்த எடம் வெளிய தெரியணும்" என்று பாடம் எடுப்பாள். நாங்கள் தலையாட்டுவோம்.

அப்படி ஒரு நாளில்தான் அவள் வந்தாள். கார் சத்தம் கேட்டுத் தெருவே கொடியைக் காலிசெய்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் யாரும் கவனிக்கவில்லை. கட்டிலில் விரித்துப் போட்டிருந்தது மந்திரகோடி. இரண்டு விரல் போய் ஓரத்தைப் பிடித்தது.

"கொள்ளாமே மாமி, இது எங்க எடுத்தது?"

நான் அம்மாவுக்குக் கண்ஜாடை காட்டினேன். அம்மா கவனிக்கவில்லை. அப்பா திருவனந்தபுரம் போன கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அந்தக் கதையைக் கேட்க அம்மாவுக்கு ஆள் கிடைத்து ரொம்பநாள் ஆகியிருந்தது. அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். இப்போதெல்லாம் இந்த நிறம் வருவதில்லை என்றாள். பிறகு, புதுப்படத்தில் நாயகியின் அம்மாவாக ஒரு பெரிய நடிகை வருகிறார், அவர் உடுத்த இப்படி ஒரு சேலைதான் தேவை என்றாள்.

"ஒருநாள் ஷூட்டிங்தான் மாமி. அப்படியே திருப்பித் தாறேன்."

"ஏட்டி, அது எனக்குச் சாவுக்கு உள்ளது."

"நீங்க இப்போ சாவப் போறியளா என்ன?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நடிகை அம்மாவின் காலத்து நாயகி. திரையில் அவர் தன் சேலையில் நிற்பதை அம்மா மனசுக்குள் பார்த்துவிட்டாள் என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. பழைய செய்தித்தாளில் பொதிந்து கொடுத்துவிட்டாள். அன்று சாயங்காலமே, அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் எல்லாரிடமும் சொல்லியும்விட்டாள்.

படம் வந்தபோது அன்பியத்துப் பெண்கள் அத்தனைபேரும் வேன் பிடித்து நாகர்கோவிலுக்குப் போனோம். அம்மா நடுவரிசையில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். படத்தில் ஒரு கல்யாணம் வந்தது, சேலை வரவில்லை. ஒரு திருவிழா வந்தது, அதிலும் வரவில்லை. இடைவேளை முடிந்து கொஞ்சநேரத்தில் அந்த நடிகை செத்துப்போனார். சவப்பெட்டியை நெருக்கமாகக் காட்டினார்கள். தேயிலைக் கறை ஏறி, இடுப்பில் நைந்து, கரை நூல் பிரிந்து தொங்க, ஒரு சேலை. இடது தோளில் கறுத்த ஒரு சொட்டு.

அம்மா எழுந்து நின்றாள். "ஏட்டி! அது எனக்க சேலையாக்கும்!"

பின்வரிசையில் யாரோ உட்காரச் சொன்னார்கள். அம்மா உட்காரவில்லை. திரையில் பெட்டியை மூடி, குழிக்குள் இறக்கி, மண் தள்ளினார்கள். நாயகி மண்ணில் புரண்டு அழுதாள். தியேட்டரில் எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். உண்மையான காரணத்துக்கு அழுதது என் அம்மா ஒருத்திதான்.

மறுநாள் காலையில் போனைப் போடச் சொல்லி என் கையிலிருந்து பிடுங்கினாள். அவள் அந்தப் பக்கத்திலிருந்து பேசியது எனக்கும் கேட்டது.

"மாமி, படம் பாத்தியளா? ஒங்க சேலைக்குத்தான் எல்லாரும் பேரு சொல்லுகாவ."

"எங்கட்டி அது?"

"குழிக்குள்ள போச்சு மாமி. கதைக்குத் தேவைப்பட்டுது."

"செத்துக் கெடந்தாளே, அவ எந்திச்சு வீட்டுக்குப் போனாளா?"

"போனா மாமி, அவ நல்லாத்தான் இருக்கா."

"பெறகு எனக்க சேலை மட்டும் எப்படி குழிக்குள்ள போச்சுது?"

கடைசியில் இறக்கும்போது ஒரு பொம்மைக்கு அதை உடுத்தினோம், டைரக்டர் நிஜமாகவே மண்ணைப் போட்டு மூடிவிட்டார் என்றாள். அம்மா போனை என்னிடம் தந்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் படத்துக்கு அவளுக்கு விருது கிடைத்தது. தொலைக்காட்சிப் பேட்டியில் அந்தச் சேலையைப் பற்றித் தனியாகவே கேட்டார்கள். அந்தத் தாயின் வறுமையை முழுவதும் ஒரே சேலையில் கொண்டுவர மாதக்கணக்கில் உழைத்தேன் என்றாள். அம்மா பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்: "வறுமையா? எனக்க மாப்பிள எடுத்த பட்டுக்கா வறுமை? தேய்ச்சு வறுமையாக்கினது நீயாக்கும் சவமே!"

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அது ஒன்றே பேச்சு. வேறு பட்டு எடுத்துத் தருகிறோம் என்றோம், கேட்கவில்லை. கல்யாணத்தன்று அப்பா போர்த்தியது அதுதான், மேலே போய் நிற்கும்போது அப்பாவுக்கு அடையாளம் தெரியவேண்டாமா என்று கேட்டாள். "அது வராம நான் போவமாட்டேன். குழியத் தோண்டியாவது கொண்டு வரட்டும்" என்றாள். சொன்னதைச் செய்தும் காட்டினாள். ஒருதடவை நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் இனி ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசினார். அம்மா ஒரு கண்ணைத் திறந்து, "சேலை வந்துட்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கண்ணை மூடினாள். மூன்றாம்நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

விருது வாங்கியவளுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். வரவேற்புரை யார் தலையில் விழும்? என் தலையில்தான். மண்ணின் மைந்தர்களை மேடைக்குக் கொண்டுவந்தவர், மக்களிடமிருந்து எடுத்து மக்களுக்கே தருபவர் என்றெல்லாம் எழுதிக்கொடுத்ததை வாசித்தேன். முன்வரிசையில் ஏலக்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். "எடுத்து" வரைக்கும் தலையாட்டினார், "தருபவர்" வந்ததும் நிறுத்திவிட்டார். ஏற்புரையில் அவள் என்னைத் தோழி என்று சொல்லிக் கட்டிப்பிடித்தாள். அப்போதும் அவள் விரல் என் முந்தானையில்தான் இருந்தது.

மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். அம்மாதான் கூப்பிடச் சொன்னாள். மாங்காய் போட்ட மீன்கறியைத் தானே கூட்டினாள், தானே பரிமாறினாள். எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் அம்மா அவளைப் பக்கத்தில் கட்டிலில் உட்காரவைத்தாள். வீட்டில் எல்லாருக்கும் சுகமா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் அவளுடைய சேலை ஓரத்தைப் பிடித்தாள். சாம்பல் நிறத்தில் அடர்த்தியான கைத்தறிப் பட்டு.

"கொள்ளாமே மக்களே, இது எங்க எடுத்தது?"

அவள் ஏதோ நெசவாளர் பெயரைச் சொன்னாள்.

"இந்த நெறமெல்லாம் இங்க வராது, கேட்டியா?"

அவள் முகம் மாறியது. வாசலிலும் ஜன்னலிலும் அன்பியத்துப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். யார் சொல்லி வந்தார்களோ.

"ஒரு தடவ குடு. அப்படியே திருப்பித் தாறேன்."

"மாமி, இது நான் உடுத்திட்டு வந்தது."

"முட்டத்துல அந்த ஆம்பிளையளும் உடுத்துக்கிட்டுத்தான் நின்னாவ. கழத்து."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைப் பார்த்தேன். பிறகு அவள் சிரித்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமி, நீங்க என்னைய ஜெயிச்சிட்டிய" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். கொஞ்சநேரத்தில் என்னுடைய பழைய பூப்போட்ட நைட்டியில், தோளில் துவர்த்துத் துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அப்படியே காரில் ஏறினாள். தெருவே பார்த்தது. எங்கள் ஊர் ஒட்டுமொத்தமாக அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை.

அந்தச் சந்தோஷம் அடுத்த படம் வரும்வரைதான். அதில் நாயகியின் அக்கா, புருஷனோடு சண்டைபோட்டுப் பிறந்தவீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பவள், படம் முழுக்க என் நைட்டியில் வருகிறாள். மேல் பொத்தானுக்குப் பதிலாக நான் தைத்திருந்த நீலப் பொத்தானைக்கூட மாற்றவில்லை. மேலே அதே துவர்த்து. நடுத்தர வீட்டுப் பெண்ணின் சலிப்பு இவ்வளவு நுட்பமாக வந்ததே இல்லை என்று ஒரு விமர்சனம் எழுதியிருந்தார்கள். சலித்துக்கொண்டேன்.

அம்மா சாம்பல் பட்டைப் பீரோவில் வைத்தாள். "அதுக்கு ஈடு இல்ல. ஆனா அவளுக்கதும் ஒண்ணு போச்சுதே, அது மதி, அது போதும்" என்றாள். அந்த நிம்மதியில்தானோ என்னவோ, அடுத்த தவக்காலத்தில் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை.

நாங்கள் சாம்பல் பட்டை உடுத்திப் பெட்டியில் கிடத்தினோம். அதில் அம்மா ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை மாதிரி இருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேலையை இரண்டுதடவை பார்த்தார்கள்.

மத்தியானம் குருசடி முக்கில் கார் திரும்பியது. பழக்கத்தில் தெருவில் நான்கைந்து பெண்கள் கொடியைப் பார்த்து ஓடி, பாதியில் வெட்கப்பட்டு நின்றார்கள். அவள் உள்ளே வந்தாள். பெட்டியின் தலைமாட்டில் முழங்கால் போட்டாள். சத்தமில்லாமல் நிறைய அழுதாள். அது நடிப்பில்லை. பிறகு தோள்பையிலிருந்து ஒரு பொதியை எடுத்துப் பிரித்தாள். பொதிந்திருந்தது அம்மா கொடுத்த அதே பழைய செய்தித்தாள்.

உள்ளே மந்திரகோடி. கரையில் ஊக்கு குத்தி ஒரு துணி அட்டை, அதில் பேனாவால் 'பிணம்' என்று எழுதியிருந்தது.

"புதைச்சாச்சுன்னு சொன்ன?" என்றேன்.

"பொம்மைக்கு வேற ஒண்ணு உடுத்தினேன். இத விட மனசு வரல்ல மக்கா."

"அவ உயிரோட இருக்கப்ப தந்தா என்னட்டி? எத்தன வருஷம் கேட்டா!"

அவளுக்கு என் கோபம் புரியவே இல்லை. ஈரக் கண்ணோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னைக்குத்தானே மக்கா வேணும்? இன்னைக்கு வந்துட்டு இல்லியா?"

அறைந்திருப்பேன். துக்கவீடு, அறையவில்லை. ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினோம். அவளே உடுத்திவிட்டாள். நாங்கள் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றோம். ஒவ்வொரு மடிப்பாக விரலால் நீவி, முந்தியை இடது தோளில் குத்தி, மெழுகுச் சொட்டை வெளியே தெரியவைத்தாள். அந்த இடம் அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. அம்மாவின் கதையைக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாளே, அன்று கேட்டிருக்கிறாள்.

ஒன்றைச் சொல்லவேண்டும், சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. தேயிலை ஏறி, இடுப்பில் தேய்ந்து, கரை நூல் பிரிந்திருந்த அந்தச் சேலையில் என் அம்மா அவ்வளவு நன்றாக இருந்தாள். கல்யாணத்தன்று உடுத்தியதை அதற்குப் பிறகு தினமும் உடுத்தி, அதிலேயே சமைத்து, அதிலேயே எங்களைப் பெற்று வளர்த்து, அப்பாவோடு அதிலேயே கிழவியானவளைப் போல. பீரோவிலேயே கிடந்த சேலை ஒருநாளும் அப்படி இருந்திருக்காது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவள் சாம்பல் பட்டை உதறி, நாலாக மடித்து, தோள்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி என் காதருகில், "மயினி, அத எடுத்துட்டுப் போறாவளே" என்றாள். அவளிடமே கேட்டுவிடுவது என்று நான் பின்னாலேயே போனேன். அவள் காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

"எனக்க நைட்டி?" என்றேன். கேட்க வந்தது அது இல்லை. வாயில் வந்தது அதுதான்.

"அது இன்னொரு படத்துல ஓடுது மக்கா. முடிஞ்சதும் அப்படியே திருப்பித் தாறேன். நீ சாப்பிட்டியா? காலைல இருந்து ஒண்ணும் குடிச்சிருக்கமாட்ட" என்றாள். கண் கலங்கியே இருந்தது. துக்கத்துக்கு நான் உடுத்தியிருந்த பழைய வெள்ளைச் சேலையின் ஓரம் ஜன்னலுக்குள் இழுபட்டதை நான் கவனிக்கவில்லை.

"கொள்ளாமே, இது எங்க எடுத்தது?"

உள்ளே அம்மாவின் பெட்டியை மூட ஆணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தெருவில் நின்று, கோட்டாற்றில் எடுத்தது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.